குதிரில்லாத தெரு

2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்குப் பக்கத்தில் கரையேறுவதற்கு முந்தின நாள், எங்கள் தெருவுக்குள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, டார்ச் லைட், குடிதண்ணீர், சில நாட்களுக்குத் தேவையான உலர்ந்த உணவுப் பொருள்கள், இவற்றையெல்லாம் பாதுகாப்பான இடத்தில் சேமித்து வைத்துக்கொள்ளவும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பாதுகாப்பான எடம்னா எது கண்ணு? அவுங்க வூடா?"

எல்லோரும் சிரித்தோம். ஆட்டோ போய்விட்டது. கேள்வி மட்டும் போகவில்லை.

சேமித்து வை என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. சேரிக்காரனுக்கு நாளைக்கு என்கிற யோசனை கிடையாது, கிடைத்த அன்றைக்கே தின்று தீர்த்துவிடுவான் என்பது அந்த நினைப்பு. பண்ணை வீட்டுத் திண்ணையிலிருந்து அரசு அலுவலக மேசை வரை இது மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இதற்குக் கோபப்பட்டுப் பதில் சொல்வதைவிட வரலாற்றைக் கொண்டு பதில் சொல்வது நல்லது. உணவைச் சேர்த்து வைக்க வேண்டுமானால் முதலில் சேர்க்கிற அளவுக்குக் கூலி வேண்டும். வைக்க இடம் வேண்டும். அந்த இடம் நாளைக்கும் நம்முடையதாக இருக்க வேண்டும். வைத்ததை யாரும் வந்து பிடுங்காமல், எரிக்காமல் இருக்க வேண்டும். மரக்காணத்து உப்பளக் கரையில் இந்த நான்கும் நமக்கு எப்போது இருந்தன?

எம்.ஏ. தமிழ் படித்தபோது சிறுபாணாற்றுப்படை எங்களுக்குப் பாடமாக இருந்தது. நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. ஓய்மாநாடு என்பது நம்முடைய திண்டிவனம், கிடங்கில், மரக்காணம் பகுதிதான். பாணன் போகும் வழியில் வருகிற எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும் இதுதான் என்பது பலருடைய கருத்து. அந்தப் பாட்டில் ஒரு அடுக்களை வருகிறது. குட்டி போட்ட நாய், கண் திறக்காத குட்டிகள், பால் வற்றிய மடி, கறையான் ஏறிய சுவர், காளான் பூத்த தரை. கிணைப்பறை கொட்டும் வீட்டுப் பெண் குப்பை மேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அடுத்த வீட்டுப் பெண்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறாள்.

வகுப்பில் இதை வறுமையின் சொல்லோவியம் என்று நயம் சொல்லி நடத்தினார்கள். நானும் பரீட்சையில் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். உப்பு விளைகிற கடற்கரை அந்தப் பாட்டிலேயே இருக்கும்போது, அவள் கீரைக்கு ஏன் உப்பு இல்லை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. அதே பாட்டில் எயிற்பட்டினத்துக்கு வருகிற பாணனுக்கு நெய்தல் நிலத்துப் பெண் கொடுப்பது கள்ளும் காய்ந்த குழல்மீன் சுட்டதும். காய்ந்த மீன் என்றால் கருவாடு. ஆக, இந்தக் கரையின் சேமிப்பு உணவுக்கு அந்தப் பாட்டின் வயதாவது இருக்கும். சேர்த்து வைக்கிற வித்தை தெரியாத மக்கள் இங்கே என்றைக்குமே இருந்ததில்லை.

உமணர் பெண் நெல்லுக்குச் சரி அளவு உப்பு என்று கூவிப் போவதாக அகநானூற்றில் ஒரு பாட்டு சொல்கிறது. ஒரு படி உப்பு கொடுத்தால் ஒரு படி நெல். இன்றைக்கு உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பாள்.

உப்புக்கும் நெல்லுக்கும் இருந்த அந்தச் சமம் எப்படி எப்படியெல்லாம் குலைந்தது என்பது நீண்ட கதை. நமக்கு வேண்டிய இடத்துக்குத் தாவி வருவோம். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன்னுடைய ஏகபோகமாக்கியது. விளைவித்தவன் அளத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அது திருட்டு. உவர் மண்ணைச் சுரண்டிக் காய்ச்சினாலும் குற்றம். வரி ஏறியபோது உப்புக் குறைந்தது குழம்பில் மட்டுமல்ல. மீனுக்கு உப்புப் போட முடியாமல் வெறுமனே வெயிலில் காயப்போட்டார்கள், உவர் மண்ணைப் பூசிக் காயப்போட்டார்கள், அழுகிய மீனைத் தின்றார்கள். பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார மருத்துவர், மீன்களை ஆராய்ந்தவர், 1873இல் தந்த அறிக்கையில் உப்பு வரி மீன் பதப்படுத்துவதை எப்படிக் கெடுக்கிறது என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் குறைந்த விலை உப்போடு மீன் பதனிடும் முற்றங்களை மாகாணத்தில் திறந்தார்கள். கறியை உப்புக்கண்டம் போடுகிற சேரிப் பெண்ணுக்கு எந்தச் சர்க்காரும் முற்றம் திறக்கவில்லை. அவளுக்கு அதே வரி, அதே விலை.

அந்த நேரத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876இல் இரண்டு பருவ மழையும் பொய்த்தன. 1878 வரை சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. ஊரில் தானியமே இல்லாமல் வந்த சாவு அல்ல இது. தானியம் வியாபாரியின் கிடங்கில் இருந்தது, ரயிலில் ஏறிப் போனது, கப்பலில் ஏறிப் போனது. விலை மட்டும்தான் மக்களுக்கு மிஞ்சியது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் வந்து, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வெட்டினார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோ கூட வராது. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு இது பற்றாது, ஆள் செத்துப்போவான் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் அளவைக் கூட்டினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

அந்தப் பஞ்சத்தின் ஒரு முனை மரக்காணத்தில்தான் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடம் இது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அதன் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பஞ்ச காலத்துக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டிய கைகளுக்குப் பெயரில்லை. பிறகு இந்தக் கால்வாயில்தான் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. வயிற்றில் ஒன்றுமில்லாதவன் வெட்டிய கால்வாயில் உப்பு மூட்டை மிதந்து போனதை நினைத்துப் பார்க்கிறேன். வேதாரண்யத்தில் 1930இல் உப்பு அள்ளியவர்களுக்குச் சிலை இருக்கிறது, பாடப் புத்தகத்தில் பக்கம் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் தினம் தினம் உப்பு வாரியவர்களுக்கு என்ன இருக்கிறது?

இனி இடத்தின் கதை. பஞ்சத்துக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, 1891இல், பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு குறிப்பை அரசுக்கு எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றைக்கும் போராடுகிற நிலங்கள் 1892 அரசாணையில் ஒதுக்கப்பட்டதற்கு அடிப்படை அந்தக் குறிப்பு. நிலத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதில் வருகிற வீட்டு மனைப் பிரச்சினையை. குடிசை நிற்கிற மண்ணும் மிராசுதாரனுடையது. எதிர்த்துப் பேசினால், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனால், குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இதை அடுக்களையிலிருந்து பாருங்கள். குதிர் என்பது மண்ணால் வனைந்து வீட்டுக்குள்ளேயே நிலையாக நிற்கிற பொருள். தொம்பை, பத்தாயம், களஞ்சியம் எல்லாமே அப்படித்தான், இடத்தை விட்டு நகராதவை. நாளைக்குக் கிளம்பு என்றால் கிளம்ப வேண்டிய குடும்பம் குதிர் செய்யுமா? தலையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பானையைத்தான் செய்யும். சேரியில் குதிர் இல்லாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பட்டா இல்லாததுதான். ஊரில் குதிரும் சேரியில் அடுக்குப்பானையும் இருந்ததைப் பழக்க வேறுபாடு என்று நாட்டுப்புறவியல் புத்தகங்களில் எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆனாலும் சேர்த்தார்கள். இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் இதற்கு வழி.

எங்கள் ஆயா வீட்டில் வடக்கு மூலையில் அடுக்குப்பானை இருந்தது. அடியில் பெரிய மொடா, அதில் கேழ்வரகு. அரிசியில் மூன்று மாதத்தில் வண்டு வந்துவிடும், கேழ்வரகு வருஷக்கணக்கில் கிடக்கும், பூச்சி தொடாது. "அரிசி விருந்தாளி மாதிரி கண்ணு, ரெண்டு நாளு இருந்துட்டுப் பூடும். கேவுருதான் வூட்டு மனுசன்" என்பாள். அதற்கு மேல் பானையில் கொட்டை எடுத்து உப்புப் போட்டு இடித்து அமுக்கிய புளி. அதற்கும் மேல் சென்னாகுன்னி, நெத்திலிக் கருவாடு. உறியில் ஒரு சின்னச் சட்டி, அதில் நொய். இதில்லாமல் கத்தரி வத்தல், மாங்காய் வத்தல். காராமணி வாங்க முடிந்த வருஷத்தில் சாம்பலில் புரட்டி ஒரு மூடிப்பானை.

பிடி அரிசி என்பதும் உண்டு. உலையில் போடுவதற்காக அளந்த அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவது. காஞ்சி மடம் பிடி அரிசித் திட்டம் என்று ஒன்று நடத்தியது பலருக்குத் தெரியும். நிறைந்த அடுக்களையிலிருந்து ஒரு பிடி எடுப்பது வேறு. அரைவயிற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து எடுப்பது வேறு. அந்தப் பிடி பெரும்பாலும் பெண்ணின் பங்கிலிருந்துதான் போனது. ஆண்களும் பிள்ளைகளும் தின்ற பிறகு பானையில் என்ன மிஞ்சியதோ அது அவளுக்கு. சேமிப்பு, சேமிப்பு என்று நான் பெருமையாக எழுதிக்கொண்டு போகும்போது இதை மறைத்துவிடக் கூடாது. சேரியின் சேமிப்பில் ஒரு பகுதி அம்மாக்களின் பட்டினி.

சேர்த்ததை மறைக்கவும் வேண்டியிருந்தது. ஆயா இளம் வயதில் நடவுக்கும் அறுப்புக்கும் போன காலத்தில் கூலி நெல்லாக வந்தது. ஆண்டை வீட்டில் வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது இன்னொரு மரக்கால். அதிலும் மிச்சம் பிடித்து ஒரு வீட்டில் தானியம் இருப்பது தெரிந்தால், "வூட்ல நெல்ல வச்சிக்கினு எங்கிட்ட வந்து கடன் கேக்குறியா?" என்பார்கள். கூலியை உயர்த்திக் கேட்டாலும் அதே பேச்சு. அதனால் கேழ்வரகு மொடாவின் வாயில் கிழிந்த கோணியைச் சுருட்டி வைத்திருப்பாள், வெறும் பானை மாதிரித் தெரியும். புளி இடிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். சிறுபாணாற்றுப்படைப் பெண் ஒன்றும் இல்லையே என்று கதவைச் சாத்தினாள். என் ஆயா ஏதோ கொஞ்சம் இருக்கிறதே என்று சாத்தினாள்.

உப்புக்கண்டத்தை மட்டும் மறைக்க முடியாது. வாடை காட்டிக் கொடுத்துவிடும். மாட்டுக்கறியை நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, முள் வேலிக்குள் காக்காய்க்குக் காவலிருந்து நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுவார்கள். கல்லு மாதிரி ஆகிவிடும். அடைமழையில் அடுப்பு எரியாத நாளில் ரெண்டு துண்டைத் தணலில் சுட்டு நசுக்கினால் ஒரு குடும்பம் கூழ் குடித்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் சட்டையில் அந்த வாடை அடிக்கிறது என்று பக்கத்து பெஞ்சுப் பையன் மூக்கைப் பொத்தினான். வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப் பிறகு அப்பா கயிறு கட்டவிடவில்லை. "அம்பேத்கரே உடச் சொல்லிட்டாரு" என்றார்.

அப்பாவுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்ல முடியும். 1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. செத்ததைத் தூக்கு, தோலை உரித்துக் கொடு, கறியைக் கூலியாக வைத்துக்கொள் என்று நம்மேல் திணிக்கப்பட்ட இழிவை விடச் சொன்னார். எச்சில் சோற்றை விடச் சொன்னதும் அதனால்தான். காசு கொடுத்து வாங்கிய கறியை மழைக்காலத்துக்கு உப்புப் போட்டு வைப்பது நம் பெண்களின் அறிவு. அதையும் இதையும் ஒன்றாக்கி, நம் கயிற்றை நாமே அறுத்துக்கொண்டோம். சேமிக்கத் தெரியாதவர்கள் என்று சொன்ன அதே வாய்தான், நாம் சேமித்ததைப் பார்த்து நாறுகிறது என்றது.

உப்பளத்துக்கு வருவோம். ஜனவரி பிறந்தால் பாத்தி கட்டுவது, கடல் தண்ணீர் பாய்ச்சுவது, வாருவது, சுமப்பது என்று செப்டம்பர் வரை வேலை. அக்டோபரில் மழை இறங்கினால் அளம் முழுக்கத் தண்ணீர். மூன்று மாதத்துக்கு, சில வருஷம் அதற்கு மேலும், கூலி கிடையாது. மழைக்கு முன்னால் செய்கிற கடைசி வேலைகளில் ஒன்று அம்பாரம் மூடுவது. குவித்த உப்பின் மேல் ஓலையை அடுக்கடுக்காகப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கட்டி வைப்பார்கள். இப்போது தார்ப்பாயும் வந்துவிட்டது. ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அந்த வேலையை முடித்துவிட்டு வருகிற பெண்ணின் வீட்டுக் கூரைக்கு அந்த வருஷம் ஓலை மாற்றியிருக்க மாட்டார்கள். உப்புக்குக் கிடைத்த கூரை அரிசிக்குக் கிடைக்கவில்லை.

மழை மாதங்களில் முன்பணம் வாங்கித் தின்று, வெயில் மாதங்களில் அதைக் கழிப்பது என்று அம்மாவின் காலம் போனது. 2022இல் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் அறிவித்தது. வேலை இல்லாத மாதங்களும் வயிறு உள்ள மாதங்களே என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 54 ரூபாய் சொச்சம். டெம்பிளின் ராத்தலோடு இதை ஒப்பிட வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நம்மை உண்மையில் தூக்கி நிறுத்தியது ரேஷன். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசியதிலிருந்து 2011 ஜூனில் விலையில்லா அரிசி வந்தது வரை, அது சும்மா கிடைத்த சலுகை இல்லை, ஓட்டின் பலத்தால் வந்தது. இன்றைக்கு இந்தக் கரையில் பஞ்சச் சாவு இல்லை என்றால் அதற்கு முதல் காரணம் அதுதான். ஆனால் ரேஷன் அரிசியும் கடைசியில் நம் வீட்டுக்குள் வந்துதான் உட்கார வேண்டும். தரையிலிருந்து ஒரு முழம் உயராத வீட்டில் இருபது கிலோ மூட்டையை எங்கே வைப்பது? 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை போய் நனைந்தது. 2024 நவம்பர் 30 பெஞ்சலில் தண்ணீர் கீழேயிருந்து ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது, அந்தத் தண்ணீரெல்லாம் போக வேண்டியது பள்ளத்துக்குத்தானே. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் வந்தபோது கடலுக்குள் போகிறவர்கள் கணக்கில் வந்தார்கள், கரையில் கூலி வேலை செய்த தலித்துகள் பல இடங்களில் விடுபட்டார்கள் என்பதை அப்போது வந்த அறிக்கைகளே சொல்கின்றன.

புயலுக்காவது முன்னறிவிப்பு உண்டு, மைக் கட்டிக்கொண்டு வருவார்கள். 2013 ஏப்ரல் 25 சித்திரை முழுநிலவு அன்றைக்கு மரக்காணம் கட்டையன் தெருவில் தலித்துகளின் குடிசைகள் எரிக்கப்பட்டதற்கு எந்த ஆட்டோவும் முன்னால் வந்து சொல்லவில்லை. குடிசை எரிந்தது என்று செய்தித்தாளில் ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். குடிசைக்குள் என்ன எரிந்தது என்று யாரும் பட்டியல் எடுப்பதில்லை. அரிசி எரியும், புளி எரியும், கருவாடு எரியும், ரேஷன் கார்டும் எரியும்.

ஆயா 2022இல் இறந்துபோனாள். மொடாவில் விரிசல் விழுந்து கேழ்வரகு இப்போது பெயின்ட் வாளிக்கு மாறிவிட்டது. மூடி இறுக்கமாக இருக்கிறது, தண்ணீரில் மிதக்கும், கைப்பிடியும் இருக்கிறது. பெஞ்சல் மழைக்குப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கிய இரண்டு ராத்திரியும் அம்மா அதைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள்.

இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் என்னென்ன சேர்த்து வைத்தார்கள், எதில் வைத்தார்கள், எப்படிக் காப்பாற்றினார்கள் என்று வயதான பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினோரு வீடு முடிந்திருக்கிறது. எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தாது வருஷமும் டெம்பிளும் வந்த இடத்தில் கொட்டாவி விட்டாள். சென்னாகுன்னி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"வறுத்து, நல்லா ஆற வச்சித்தான் மூடணும்னு எழுது. சூட்டோட மூடுனா வேர்த்துக்கும். ரெண்டு நாள்ல பூசணம் புடிச்சிக்கும்."